சிவப்புப் பாலியோவும் பிறந்த வீட்டுக் கோடியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு வழக்கில் வாதாடி முடித்து வெளியே வந்தபோது அப்பா போன் செய்தார். "ஒங்க அத்த போயிட்டாட்டி. நான் கோடிச் சேல எடுத்துட்டு வாரேன், நீ நேரா அவ வீட்டுக்குப் போ" என்றார். இறந்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச் சேலை போர்த்துவது அண்ணனுக்குரிய மரியாதை. அதை நினைத்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அத்தையை அறிந்தவர்கள் அவருடைய சிவப்புப் பாலியோவையும் அறிவீர்கள். பார்க்கச் சின்னக் கார், மிதித்தால் பாயும். கணவரை இழந்தபின், இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் நடத்தி, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். என்னையும் தம்பியையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்புவார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். பஸ்ஸை முந்தும்போது, "ஹாரன் அடிங்க அத்த!" என்று கத்துவோம்.

"எதுக்குட்டி? பயப்படுதவன்தான் அடிப்பான்" என்பார். திரும்பி வரும்போது பால்கோவா பாதி எங்கள் வாயிலும் பாதி சீட்டிலும் இருக்கும். ஒரு நாளும் திட்டியதில்லை.

ஒரே ஒரு தப்புச் செய்தார். விதவை பெயரில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு, காரை அண்ணன் பெயரில் பதிவு செய்தார். அத்தை மஞ்சள் காமாலையில் படுத்த சமயம், அப்பா தனக்குக் காரியம் ஆக வேண்டிய ஒரு காண்டிராக்டருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். எழுந்து வந்து கேட்ட அத்தையிடம், "பொம்பளைக்கு எதுக்கு அம்புட்டு வேகம்?" என்றார்.

அதன்பின் அத்தை பஸ்ஸில்தான் போனார். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் அவர் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் சத்தம். அதே பாலியோ. எங்களை ஒதுங்கச் சொல்லி அந்தக் காண்டிராக்டர் அடித்துக்கொண்டே இருந்தான். அத்தை ஒதுங்கினார். கார் போனபிறகு சொன்னார்: "நான் செத்தா எங்க அண்ணன் கோடி எம் மேல விழக் கூடாது. நீதான் பாத்துக்கிடணும்."

அத்தையின் சாவு வீட்டுக்கு அப்பா தாம்பாளத்தில் கோடிச் சேலையோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

"வேண்டாம்ப்பா. அத்த சொல்லிட்டுப் போயிருக்காக."

"ஏட்டி, வெலகு! பெத்த அப்பன்ட்டி" என்றார் ஒரு பெரியம்மா.

"அவ என் தங்கச்சிட்டி" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது.

"காரக் கொடுக்கும்போது தங்கச்சின்னு தெரியலையா?"

அத்தையின் யூனிட் பெண்கள் கொண்டுவந்த சேலையைத்தான் அவர் மேல் போர்த்தினோம். அப்பா தாம்பாளத்தோடு தெருவில் இறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை.

இரக்கமில்லாதவள் என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வருகிறது. பேசுங்கள். இனி எந்தச் சாவு வீட்டில் கோடி விழுந்தாலும் என் அப்பா தலை குனிந்துதான் நிற்பார். அத்தையின் நகைகளைச் சொந்தக்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள். நான் அவருடைய கோபத்தை எடுத்துக்கொண்டேன். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.