மஞ்சள் மாத்திரை போகும் இடம்

நேற்று சினூன் மாத்திரைப் பொட்டலத்தைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி, விரலால் பங்கு பிரித்தாள்.

"வெள்ளை முட்டிக்கு. ரோஸ் வயித்துக்கு. மஞ்சள்தான் கழுத்துக்கு."

முட்டியும் வயிறும் அவளுக்கு வலிக்கவில்லை. அவற்றைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு மஞ்சளை மட்டும் விழுங்கினாள். எங்கள் பட்டம்பாங் ஊர்ச் சந்தையில் மருந்தை இப்படிக் கலந்துதான் கட்டுவார்கள். பெயர் இருக்காது, நிறம்தான்.

அவளுக்குத் தோள்கம்பில் வியாபாரம். கம்பின் ஒரு முனைக் கூடையில் அரிசி நூடுல்ஸ், மறு முனைக் கூடையில் மீன்குழம்புப் பானை. மழை பிடித்த நாளிலிருந்து கழுத்தும் பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்புவாள். கூடைகளும் சேர்ந்து சுற்றும்.

"ஒதுங்குங்கப்பா, கப்பல் திரும்புது!" என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் கத்துவார்கள்.

"கப்பல்ல சாப்பாடு இருக்குடா. உன் வண்டில என்ன இருக்கு?"

நேற்று அந்த மஞ்சளைப் போட்டதும் கழுத்து திரும்பியது. ஆனால் பாலத்தருகே காலும் தளர்ந்து, கண் சொருகி, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழம்பு தெருவில் ஓடியது.

இன்று காலை கூடைகளை வாசலில் வைத்துவிட்டு மருந்துக்கடை வுத்தியிடம் சண்டைக்கு வந்தாள். நான் இருமலுக்காக அங்கே நின்றிருந்தேன்.

"கழுத்துக்குக் குடுத்த மாத்திரை காலுக்கு ஏன் போச்சு?"

"எது எங்க வலிக்குதுன்னு மாத்திரைக்குத் தெரியாதுக்கா. ரத்தத்துல கலந்து எங்கயும் போகும். வெள்ளை, புண்ணான இடத்துல வலியைக் கெளப்புற சரக்கை ஊற விடாது. மஞ்சள் வேலை பாக்குறது கழுத்துல இல்ல. மூளையிலயும் தண்டுவடத்துலயும்."

"என் தலை வலிக்கவே இல்லையே தம்பி. அங்க அதுக்கு என்ன வேலை?"

"இறுக்கிப் பிடின்னு தசைக்கு உத்தரவு அங்கேருந்துதான் வருது. மஞ்சள் அதை அடக்குது. கழுத்தும் தளரும், காலும் தளரும், தூக்கமும் வரும்."

"கழுத்தை மட்டும் தளர்த்துன்னு சொல்ல முடியாதா?"

"முடியாதுக்கா. அதைப் போட்டா சுமை தூக்காதீங்க. சோறு சாப்பிட்ட பிறகு வெள்ளையைப் போடுங்க, ரெண்டு நாள் படுங்க."

"ரெண்டு நாளா? தள்ளுவண்டிக்காரி என் சனத்தையெல்லாம் வாரிக்கிட்டுப் போயிடுவா!"

வுத்தி என்னைப் பார்த்தான். எனக்கும் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. விழுங்கியது வயிற்றில் கிடக்கிறது. தலையில் அது என்ன செய்கிறது?

சினூன் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்துக் கல்லால் நசுக்கினாள். தைலம் விட்டுக் குழைத்துக் கழுத்தில் அழுத்தித் தேய்த்தாள். "இனி தலைக்கு ஏறு பாப்போம்." பிறகு தலையில் இருந்த கட்டம்போட்ட துண்டை அவிழ்த்து, பூசிய இடத்துக்கு மேலே, பாம்பு கடித்தவருக்குக் கட்டுவதுபோல, முகம் சிவக்க இறுக்கி முடிச்சிட்டுவிட்டுக் கம்பின் அடியில் தோளைக் கொடுத்தாள்.