அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில்

எனக்கு ரொறன்ரோவுக்குப் போக விருப்பமில்லை. அதை மகளிடம் நேரே சொல்ல வாய் வரவில்லை. ஒரே பிள்ளை, இரண்டு குழந்தைகளோடு அங்கே தனியாக மாரடிக்கிறாள். என்னை அங்கேயே கூப்பிட்டு வைத்திருக்க ஆசை அவளுக்கு. நான் முழங்காலைச் சாட்டுச் சொல்லிவந்தேன். நோவு இருப்பதும் உண்மைதான்.

முன்வீட்டு ரீச்சர் தன் போனில் பார்த்து, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ பதினாலாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்ட என்றார். கிளிவெட்டிக் கிராமத்தில் பிறந்து, துறைமுகத்துக்கு மேலே ஓர்ஸ் ஹில்லில் வாழ்க்கைப்பட்ட எனக்குக் கொழும்பே தூரம். மகளிடம் அதையும் சொன்னேன்.

"அவ்வளவு தூரம் என்னால இருக்க ஏலாது பிள்ளை."

"இடையில இறங்கி மாறலாம் அம்மா. ஒருக்கா ஏறினா ஒரு பகல் சீற்றில இருக்கவேணும், அவ்வளவுதான். நாளைக்கு வீட்டில ஒரு கதிரையில அப்பிடி இருந்து பாருங்கோ. ஏலாட்டி இனி நான் கேக்கமாட்டன். ரீச்சர் அக்கா பாத்துச் சொல்லட்டும்."

எனக்குப் பெரிய நிம்மதி. மத்தியானத்துக்கு முதல் எழும்பிவிடுவதென்று முடிவு செய்துகொண்டேன்.

காலையில் ரீச்சர் வந்து பிளாஸ்டிக் கதிரையை அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினார். முன்னால் கட்டில் விளிம்பு முழங்காலில் இடித்தது. "விமானத்தில இவ்வளவு இடம்தான் மாமி." யன்னலால் உள்துறைமுகம் ஒரு துண்டு தெரிந்தது. அதில் ஒரு கப்பல் நின்றது.

போதும் என்று நான் எழும்பப்போன நேரம் ரீச்சரின் கணவர் வந்தார். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இன்னொரு கதிரையை இழுத்து, நான் வெளியே வரக் கட்டிலோரம் இருந்த ஒரே வழியில் போட்டு அமர்ந்தார்.

"பக்கத்துச் சீற்றுக்கும் ஆள் வேணுமெல்லே மாமி."

"குறட்டை விட்டு அவவைக் கரைச்சல் படுத்தாதேங்கோ," என்றார் ரீச்சர்.

இருவர் மடியிலும் சோற்றுத் தட்டு வந்தது. அவர் கப்பல் கதைகள் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு ரீச்சர் குசினிக்குள் போக, அவர் காலை நீட்டி நித்திரையாகிவிட்டார். அந்தக் காலைத் தாண்டாமல் வெளியே வர ஏலாது. ஒரு ஆம்பிளையைத் தட்டி எழுப்பி, வழி விடுங்கோ என்று கேட்க எனக்கு வெட்கம். கால் முதலில் நொந்தது, பிறகு மரத்தது. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. பொழுது சாய்ந்து வெயில் சுவரை விட்டுப் போனபோதுதான் அவர் கண் விழித்தார்.

ரீச்சர் மகளுக்கு அழைத்தார். "உங்கட அம்மா அசையவேயில்லை. எங்கட இவர்தான் விழுந்து படுத்திட்டார்."

போனை என் கையில் தந்தார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்காகத்தானே அம்மா இருந்தனீங்கள்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்கட சீற்றை யன்னல் பக்கம் போடட்டோ? வெளியில பாத்துக்கொண்டு வரலாம்."

"ஓம்," என்றேன்.

ரீச்சரின் கணவர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார். வழி திறந்து கிடந்தது. எனக்கு எழும்பக் கால் வரவில்லை.