மூன்று, ஆறு, ஒன்பது

ஞாயிற்றுக்கிழமை காலை போனைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிடுவேன். வெள்ளி நிற முகப்பு, அதற்குள் குட்டி வட்டங்கள். நிமிடங்களை எண்ணும் வட்டத்தில் மூன்று, ஆறு, ஒன்பது ஆகிய நிமிடங்களில் மட்டும் கோடு நீளமாக இருக்கும். மற்றவை பொடிக் கோடுகள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் மாதிரி ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். இந்த வகைக்குக் குரோனோகிராஃப் என்று பெயர். அதை எனக்குச் சொன்னவர் என் கணவரின் அம்மா. நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

அத்தை தொலைபேசி இலாகாவின் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்தவர். வெளியூருக்குப் பேசினால் மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்த காலம். மூன்று நிமிடம் முடிந்ததும் யார் அழுதாலும் சிரித்தாலும் நடுவில் புகுந்து சொல்லிவிட வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் நகை வாங்கிச் சேர்த்தபோது அத்தை குரோனோகிராஃப் சேர்த்தார். சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, சரி செய்து, ஏழு வைத்திருந்தார். ஏழில் ஒன்றுகூட உசத்தியான ஸ்விஸ் கடிகாரம் இல்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே குறை.

நான் கல்யாணமாகி ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். அத்தை அப்போது ஓய்வு பெற்றிருந்தார், ஆனால் எக்ஸ்சேஞ்ச் அவரை விடவில்லை. ஞாயிறுதோறும் வேலூரில் இருக்கும் அம்மாவிடம் பேசுவேன். மூன்று நிமிடம் ஆனதும் அத்தையின் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழும். பில்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கஞ்சத்தனமும் கிடையாது. வெறும் கைப்பழக்கம். புது மருமகள் நான், விரலைப் பார்த்ததும் போனை வைத்துவிடுவேன். அம்மாவிடம் சொல்ல நினைத்ததில் பாதி அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். உள்ளுக்குள் பொருமுவேன்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை, அத்தையின் கடிகாரப் பித்து தெரிந்த அடுத்த தெரு டாக்டர் இரண்டு கடிகாரப் பெட்டிகளோடு வந்தார். ஆஸ்திரேலியாவில் மகளோடு இருக்கப் போகிறாராம். "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு என் பையனுக்கு மேடம். ரெண்டையும் கட்டிப் பாருங்க. நாளைக்கு சாயங்காலம் ஒண்ணத் திருப்பிக் குடுங்க" என்றார். இரண்டும் ஸ்விஸ். ஒன்று கறுப்பு முகப்பு. எக்ஸ்சேஞ்சைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரி ஒருவர் கையில் அத்தை இளவயதில் பார்த்தது. அன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றுக்காக ஏங்கியவர். மற்றது இந்த வெள்ளி முகப்பு. நீளக் கோடுகள் எதற்கு என்று நான் கேட்க, அத்தை அந்த வட்டத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். "போன் பேசறத அளக்கறதுக்குடீ. மூணு மூணு நிமிஷமா. என் வேலைய எவனோ டயல்ல எழுதி வெச்சிருக்கான் பாரு."

மறுநாள் வீடு ரணகளம். இரண்டு கையிலும் இரண்டு கடிகாரம். குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே எவ்வளவு, சர்ச்சில் பிரசங்கம் எவ்வளவு, என் கணவர் ஷூ மாட்ட எவ்வளவு என்று எல்லாவற்றையும் அளந்தார். கறுப்பின் பொத்தானை அழுத்தி அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கும் அந்தப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. நான் கறுப்புதான் என்று அடித்துச் சொன்னேன். வெள்ளி வந்தால் அந்த மூன்று நிமிடம் ஆயுசுக்கும் அத்தை கையில் ஏறி உட்கார்ந்துவிடுமே என்ற பயம். ஏன் என்று அத்தை கேட்டபோது, "அழகா இருக்கு அத்தை" என்று மழுப்பினேன்.

மத்தியானம் அம்மாவுக்கு போன் போட்டேன். அத்தை இரண்டு பொத்தானையும் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டு எதிரே நின்றார். மூன்று நிமிடம். விரல் எழுந்தது. நான் தடுமாறி நிறுத்தினேன். அம்மாவுக்கு எப்போதும் பெரிய குரல். "என்ன, சம்பந்தியம்மா வெரலத் தூக்கிட்டாங்களா? சரி, வெச்சிடு" என்றது கூடம் முழுக்கக் கேட்டது.

அத்தை தன் விரலையே பார்த்தார், யாருடையதோ போல. மெல்ல இறக்கினார். சமையலறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போனை வைக்காமல் பயத்திலேயே பேசினேன், பிறகு பயம் மறந்து பேசினேன். வைத்ததும் அத்தை வந்து இரண்டையும் நிறுத்தினார். இருபத்திரண்டு நிமிடம்.

சாயங்காலம், திருப்பிக் கொடுக்கக் கறுப்பைப் பெட்டிக்குள் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை வெள்ளியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லாப் பாரு. மூணு, ஆறு, ஒம்பது. அதோட நீளக் கோடு போடறத நிறுத்திட்டான். ஒம்பதத் தாண்டிட்டா அப்புறம் எவ்ளோ பேசினாலும் கேக்க ஆளில்ல. இனிமே ஒம்பதுக்கு முன்னாடி போன வெச்சே, அப்பதான் வெரலத் தூக்குவேன்."

டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து கறுப்பின் பொத்தானை இன்னொரு முறை அழுத்திக் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதையும் அவர் அளந்திருப்பார், நல்லவேளை திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அத்தை கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். "பேசறவ நீதானே, நீயே வெச்சுக்கோ" என்று கடிகாரத்தை என்னிடம் விட்டுப் போனார். கையில் செல்போன் இருக்கிறது, நிமிடக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் ஞாயிறு காலை நான் கூப்பிட்டால், சரியாக முதல் நீளக் கோட்டில் அத்தை சொல்லிவிடுவார்: "சரிம்மா, வெச்சிடவா?"

நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"இன்னும் ஒம்பது வரல அத்தை."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். பிறகு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.