மலையடிப் பெரணியும் மலையுச்சிப் பெரணியும்

மலையேறிப் பெரணி இலை பறித்து, காயவைத்து, பொடித்து, அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அளப்பதும் ஒரு பிழைப்புதான். நாள் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாமல் வேலை பார்ப்பவர்களே, உங்களுக்கு இது புரியும்.

பஸ்ஸில்

மலையிலிருந்து இறங்கி செலண்டாரில் பஸ் ஏறினேன். மடி நிறைய காகிதப் பைகள். ஒவ்வொன்றிலும் இலை பறித்த இடத்தின் உயரம் எழுதியிருக்கும். பக்கத்து சீட் ஆன்ட்டி எட்டிப் பார்த்து, சம்பால் துவையலுக்கா என்று கேட்டார். ஆராய்ச்சிக்கு, மலை ஏற ஏற இலையில் சத்து மாறுதா என்று பார்க்கிறோம் என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றேன்.

"அதான். வீட்ல ஆளிருந்தா ஆக்கித் தின்னுருப்ப தம்பி, அளந்துகிட்டு இருக்கமாட்ட."

மூடுபனியில்

லேடாங் மலையின் மேல்பகுதியில் பாறை வழுக்கிக் கணுக்கால் பிசகியது. போனில் லைன் இல்லை. வழிகாட்டி பாக் மாட் கீழே ஓடையருகே இருந்தார். இரண்டு மணி நேரம் பனிக்குள் உட்கார்ந்து, பைகளில் எழுதியிருந்ததை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். தேடி வந்த பாக் மாட் என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். பைகள் அங்கேயே கிடந்தன. அன்றே உலர்த்தாவிட்டால் இலை கெட்டுவிடும் என்று புலம்பினேன். அவர் மலாயில் கேட்டார்:

"இத்தனை நேரம் இலையோட பேசினியே, என்னை ஒரு சத்தம் கூப்பிடத் தோணலையா?"

கிளினிக்கில்

பதிவுப் பாரத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டம். அப்பா அம்மா இல்லை. தங்கை ஆஸ்திரேலியாவில். வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு, ஆய்வுக்கூடத்து சரோஜா அக்காவின் நம்பரை எழுதினேன். உலர்த்தும் அடுப்பின் சூட்டைத் தவிர நாங்கள் எதுவும் பேசியதில்லை. கிளினிக்கிலிருந்து கூப்பிட்டதும் அக்கா செங் என்ற ஊரிலிருந்து கணவரோடு காரில் வந்துவிட்டார். 'உறவு' என்ற இடத்தில் 'உடன் வேலை செய்பவர்' என்றிருந்ததைப் பார்த்தார்.

"மூணு வருஷமா பக்கத்து மேசைல இருக்கேன். அக்கான்னு எழுத கை வரலியா?"

முடிவு வந்த அன்று

கால் ஆறியதும் மறுபடி ஏறிப் பறித்தேன். ஒரு வகைப் பெரணியில் மேலே போகப் போகத் தழைச்சத்து குறைந்திருந்தது. இன்னொன்றில் பெரிய மாற்றமில்லை. அன்று அக்கா லீவு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தெங்கேராவில் என் வாடகை அறைக்குத் திரும்பியதும் பாக் மாட்டுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"குறைச்சலா? பாவம். ஆனா அங்கயும் பச்சையாத்தானே இருக்கு?"

இலையைப் பற்றித் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தெரிந்ததைச் சொல்ல ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் அதைவிடப் பெரிய ஆராய்ச்சி.