என் லேனை விட்டு ஓடிய நாள்

எங்கள் வீட்டுக்குள் அமெரிக்கன் ஃபுட்பாலைக் கொண்டுவந்தவன் அண்ணா. பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த துண்டுப்பிரசுரத்தோடு ஒருநாள் வந்தான். அடுத்த மாதமே தோளில் கவசமும் தலையில் ஹெல்மெட்டுமாக, ஃபாரஸ்ட் கேட் வீட்டின் ஒடுங்கிய நடைவழியில் இரண்டு பக்கச் சுவரையும் இடித்துக்கொண்டு நடந்து திரிந்தான். காலால் எப்போதாவதுதான் உதைக்கும் விளையாட்டுக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் வைத்தார்கள் என்று அம்மா கேட்டார்.

அந்த அணியில் பெண் பிள்ளைகளையும் சேர்ப்பார்கள் என்று தெரிந்ததும் நானும் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணாவுக்குப் பதினாலு. அணித்தலைவனும் அவன்தான். அம்மா இல்ஃபோர்ட்டில் ஒரு பல்வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தார். அதனால் எங்கள் கை காலைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. பற்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு காப்புறை வாங்கித் தந்தார்.

நான் வேகமாக ஓடுவேன். ஆனால் பந்தைப் பிடிக்கத் தெரியாது. ஆகவே பயிற்சியாளர் என்னைக் கிக்கோஃபுக்கு ஓடுகிறவர்களில் ஒருத்தியாகப் போட்டார். நாங்கள் புள்ளி எடுத்த பிறகு பந்தை மறுபக்கத்துக்கு உதைத்துக் கொடுக்கவேண்டும். அதை எதிரணியில் ஒருவன் பிடித்து எங்களை நோக்கி ஓடிவருவான். எங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டினால் அவர்களுக்கு ஆறு புள்ளி. அவனை மறிப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அணிக்கு ஒன்பது பேர். உதைத்தவன் கடைசிக் காவலாகப் பின்னால் நிற்க, மற்ற எட்டுப் பேரும் மைதானத்தின் அகலத்துக்குப் பரவி, ஆளுக்கொரு லேனில் நேராக ஓடவேண்டும். வலை இழுப்பது போல. இடையில் யாராவது இடித்துத் தள்ளினாலும் திரும்பத் தன் லேனுக்கே வந்துவிடவேண்டும்.

எனக்குக் கிடைத்தது வலது பக்கக் கடைசி லேன். அதற்கென்று தனிச் சட்டம் ஒன்று இருந்தது. பந்து எப்போதும் எனக்கு உள்பக்கமாகவே இருக்கவேண்டும். எனக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவில் யாரும் போகக்கூடாது. பிடிக்கக்கூடத் தேவையில்லை. பந்தோடு வருகிறவன் என்னைக் கண்டு உள்ளே திரும்பினாலே என் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் மற்றவர்கள் அவனை விழுத்துவார்கள், கைதட்டலும் வாங்குவார்கள். எனக்கு அடுத்த லேன் அண்ணாவுடையது.

வாரநாட்களில் வீடு வீடாகப் போய் பொய்லர் திருத்துகிற எங்கள் பயிற்சியாளர், அணியில் ஆக முக்கியமான இடம் என்னுடையது என்று அடிக்கடி சொல்வார். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா எடுத்து அனுப்பும் வீடியோக்களை டொரொன்டோவில் இருந்து பார்க்கும் பெரியம்மாவும், பிள்ளை சும்மா ஓடிப்போய் நிற்கிறாள், அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது.

அந்த வருடத்தின் கடைசிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்ஃபோர்ட்டுக்கு அப்பால் ஒரு மைதானத்தில் நடந்தது. அப்பாவுக்கு ஷிப்ட். அம்மாதான் ஒரு பெட்டி பொரித்த ரோல்ஸோடும் தேநீர்ப் போத்தலோடும் எங்களைக் கூட்டிப் போனார். அண்ணாவுக்கு அது பெரிய நாள். மூத்தவர்களின் அணிக்கு ஒரு பெயரை அனுப்பப்போவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அது யாருடைய பெயர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அன்று மூன்று தடவை நான் என் லேனைக் காத்தேன். மூன்று தடவையும் பந்து என் பக்கம் வரவேயில்லை. முடியச் சில விநாடிகளே இருக்கையில் நாங்கள் புள்ளி எடுத்து நாலு புள்ளி முன்னால் வந்தோம். கடைசியாக ஒரு கிக்கோஃப். அதை மறித்தால் வெற்றி எங்களுடையது.

பந்து உயரப் போனது. நாங்கள் ஓடினோம். பிடித்தவன் ஒரு குட்டைப் பையன். அவன் நடுவால் வந்து எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கிடையில் சிக்கித் தடுமாறினான். எனக்கு அவன் பத்து அடி தூரத்தில் நின்றது போல இருந்தது. இன்றைக்காவது நான் விழுத்துகிறேன் என்று உள்ளே பாய்ந்தேன்.

அவன் சிக்கவில்லை. என்னைக் கண்டதும் ஒரு சுழற்றுச் சுழன்று, நான் விட்டுவந்த ஓரத்தை நோக்கி ஓடினான். "வெளியாலை போறான்!" என்று கத்திக்கொண்டு அண்ணா என் லேனை அடைக்க ஓடினான். குட்டையன் அதையும் கண்டான். திரும்ப உள்ளே வெட்டி, அண்ணா நின்றிருக்கவேண்டிய இடத்துக்குள்ளால் நேரே புகுந்து போனான். கடைசிக் காவலாக நின்றவனின் கையில் காற்றுத்தான் அகப்பட்டது. இரண்டு புள்ளியால் தோற்றோம்.

பயிற்சியாளர் கத்துகிறவர் அல்ல. எங்களை வட்டமாக நிற்கவைத்து, ஓரத்திலிருந்து இரண்டாவது லேன் யாருடையது என்று மட்டும் கேட்டார். அண்ணா கையைத் தூக்கினான். பக்கத்து லேன் உன் வேலை இல்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், தலைவனே இப்படிச் செய்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அண்ணா என்னைக் காட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் மன்னிப்புக் கேட்டான். நான் என் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பயிற்சியில் எல்லோருக்கும் போட்டுக்காட்ட அந்த வீடியோவைத் தரமுடியுமா என்று பயிற்சியாளர் அம்மாவிடம் போய்க் கேட்டார். அம்மா அண்ணாவைப் பார்த்தார். அண்ணாவின் தலை வேண்டாம் என்று மிக மெல்ல ஆடியது. ஃபோனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது, கடைசி ஓட்டம் பதியவில்லை என்று அம்மா தன் வரவேற்பு மேசை ஆங்கிலத்தில் மிகுந்த மரியாதையாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபோன் அடித்தது. பெரியம்மா. பயிற்சியாளர் எதையும் கேளாதவர் போலப் பந்துகளைப் பொறுக்கப் போனார்.

ரயிலில் அம்மா ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். அண்ணா இரண்டு சாப்பிட்டான். நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தேன். "தின்னன், ஆறப்போகுது" என்று ஒன்றை அவன் என் கையில் வைத்தான். அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மனோர் பார்க் ஸ்டேஷன் வரும்வரை அழுதேன்.

"நான்தான் முதல் விட்டனான் எண்டு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"என்ர லேனுக்குள்ளாலைதானே அவன் போனவன்" என்றான் அண்ணா. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றித் தந்தார்.

புதன்கிழமை பயிற்சிக்குப் போனதும் நேரே பயிற்சியாளரிடம் போய், பிழை என்னுடையது, அண்ணா எனக்காகத்தான் ஓடியவன் என்று சொன்னேன். சொல்லுமுன்பே அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதலாகக் கேட்டார். நான் உள்ளே பாய்ந்ததை அன்றைக்கே கண்டதாகச் சொன்னார். ஒரு தடவை இப்படி ஓடிப் பட்டவள் இனி ஓடமாட்டாள், உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றார். பிறகு புல்லில் நாலு கூம்பை வைத்துக் காட்டினார். ஓரம் திறந்திருந்தாலும் அந்தப் பக்கம் ஓரக்கோடு இருக்கிறது. அண்ணா தன் இடத்திலேயே நின்றிருந்தால் பையனுக்கு அந்த ஒடுக்கமான வழி மட்டும்தான் மிச்சம். கடைசிக் காவல் அவனைக் கோட்டுக்கு வெளியே தள்ளியிருக்கும். அண்ணா ஓடியதால் ஓட்டை ஒன்று இரண்டானது. "உனக்குப் பதிலாக யார் நின்றிருந்தாலும் உன் அண்ணா தன் இடத்தில் நின்றிருப்பான்" என்றார்.

அந்த வருடம் மூத்தவர்களின் அணிக்கு வேறொருவனின் பெயர் போனது. உதவப் போனவனைத் தண்டித்துவிட்டாரே என்று எனக்குத் தலை வெடிக்கும் கோபம். அது தெரிந்த அன்று வீட்டுக்கு வந்ததும், இப்படி அநியாயம் செய்கிறவரிடம் இனி விளையாடவேண்டாம், இரண்டு பேரும் விலகுவோம் என்று அண்ணாவிடம் சொன்னேன். அவன் கட்டிலின் விளிம்பில் இருந்து சேறு காய்ந்த சப்பாத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அவர் சொன்னது சரிதான். நான் நிண்டிருக்கவேணும்."

"அப்ப இனிமேல் என்ர லேனுக்கு வரமாட்டியோ?"

அவன் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, உண்மையாகவே யோசித்தான்.

"வருவன் போலைதான் கிடக்கு" என்றான்.

பிழை என்று தெரிந்த ஒன்றைத் திரும்பவும் செய்வேன் என்று சொல்கிறவனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பாவம், அவனுக்கு விளையாட்டு இன்னும் சரியாக விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்து, மேசையில் கிடந்த பென்சில்களை வரிசையாக அடுக்கி, லேன் என்றால் என்ன என்று அவனுக்கு முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவனும் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.