கோலா சாவாவில் நான் எடுத்த பெரட்டு

காலை மணி 7.05. கோலாலம்பூரில் சிரம்பான் ரயில் ஏறினேன். கட்டணம் எட்டு வெள்ளி எழுபது காசு, பயணம் ஒன்றரை மணி நேரம். மடியில் சுருட்டிய வெள்ளைக் காகிதம், பை நிறைய வண்ணப் பேனா. நான் வடிவமைப்பாளர். சுவரொட்டி வரைவேன், நாற்காலி செய்வேன், கண்காட்சிக்கு அரங்கம் போடுவேன். நாலு பேரை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, பேசியதைப் படமாக்கித் தருவதும் என் பிழைப்பு. எப்பேர்ப்பட்ட ஊமைக்கூட்டத்தையும் பேச வைத்துவிடுவேன் என்று எனக்கொரு தலைக்கனம் உண்டு. அது அன்று மத்தியானத்தோடு இறங்கிவிட்டது.

சிரம்பானிலிருந்து கோலா சாவா பக்கத்துத் தோட்டத்துக்கு வாடகைக் கார், இருபத்தைந்து வெள்ளி. ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"அங்க என்னாம்மா வேலை? பாதி சனம் செண்டாயான் பக்கம் போயிடுச்சே லா."

"மயானத்த மாத்துறாங்க அண்ணே. அதுக்குப் படம் வரையணும்."

அவர் வானொலியை அணைத்துவிட்டார்.

தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வருகிறது. மயானத்தில் இருப்பவர்களைச் செண்டாயான் அருகே ஒதுக்கிய நிலத்துக்குக் கொண்டுபோக, தோட்டத்தை வாங்கிய நிறுவனம் சம்மதித்திருந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்குள் நான் கொடுக்கும் படத்தில் குறித்த குழிகளை மட்டும்தான். விட்டுப்போனதன் மேல் சாலை வந்துவிடும்.

மணி 9.30. பொது மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். வந்தவர்கள் அவற்றை வரிசையாக்கிக்கொண்டார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். சரி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூச்சம் விடும் என்று, கையிலிருந்த குடும்பத் தலைவர் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்! கணேசன் என்றதும் பின்வரிசையில் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் எழுந்து, "எம் மவன்மா. சிங்கப்பூர்ல வேலை செய்யுறான்" என்றார்.

"என்னாம்மா, பெரட்டு எடுக்குறீங்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். விடியற்காலையில் வேலைக்காட்டுக்குப் போகுமுன் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் தோட்டத்துப் பெரட்டு. நானும் சிரித்தேன். ஆனால் பெரட்டில் பேசுவது வேலை வாங்கும் மண்டோர் ஒருவர்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பழைய மண்டோர் ஆறுமுகம் சொல்லச் சொல்லக் குறித்தேன். பன்னிரண்டரைக்குள் முப்பத்தேழு குழிகள், எல்லாவற்றுக்கும் கல் உண்டு. படம் அழகாகக்கூட இருந்தது.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். கணேசனின் அம்மா பருப்பு கிண்டிக்கொண்டிருந்தார். பெயர் லெட்சுமி என்றார். பிறகு, குரலை இறக்கி, "கல்லு இல்லாட்டி கொண்டுபோவாங்களாமா?" என்றார்.

"லிஸ்ட்ல இருந்தா கொண்டுபோவாங்க அக்கா."

"ஓ" என்று கரண்டியை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து குழிகளைப் பற்றி ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சீ, இதுதான் நான் பேச வைக்கிற லட்சணம்!

சாப்பாடு முடிந்ததும் படத்தைச் சுருட்டி வைத்தேன். "ஆளுக்கொரு செங்கல் துண்டு எடுங்க. மயானத்துக்கு நடந்து போவோம். உங்க ஆளு இருக்கிற இடத்துல வைங்க. வாயால சொல்ல வேணாம்."

மண்டோர் தயங்கினார். "பொம்பளைங்க அங்க வர்ற பழக்கம் இல்லையேம்மா."

யாரும் நகரவில்லை. லெட்சுமி அக்கா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மண்டோரைத் தாண்டி நடந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பெண்கள். மண்டோர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வேகமாக எட்டு வைத்தார்.

"இரு லெட்சுமி, புல்லு கெடக்கு, பாம்பு இருக்கும். நான் முன்னால போறேன்."

மேட்டுக்குக் கீழே ஒரு பாறை. அதன் இடது பக்கம் லெட்சுமி அக்கா நின்றுவிட்டார். அங்கே கல்லும் இல்லை, மேடும் இல்லை.

"பச்சை ஒடம்புன்னு என்னைய விடல. பாறைக்கு எடப்பக்கம்னு எங்க வீட்டுக்காரரு வந்து சொன்னாரு. அவரும் போயிட்டாரு. நான் இப்பத்தான் பாக்குறேன்." குனிந்து செங்கல்லை வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. "பொம்பளப் புள்ள. மூணு நாள் இருந்துச்சு."

நான் திரும்பிக்கொண்டேன். மற்ற நாலு பெண்களும் அங்கங்கே கல்லில்லாத தரையில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மணி 4.40. படத்தோடு நிறுவனத்தின் படிவத்தையும் நிரப்ப வேண்டும். பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"பாப்பா பேரு என்னா அக்கா?"

"பதினாறாம் நாளு வைக்கலாம்னு இருந்தோம்." யோசித்தார். "அப்பா பேரப் போட்டு மவன்னு எழுதுற மாதிரி, லெட்சுமி மவள்னு எழுதலாமா?"

நான் மண்டோரைப் பார்த்தேன். அவர்தான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். "எழுதும்மா" என்றார்.

மாலை 6.20 ரயிலில் திரும்பினேன். வீட்டுக்குப் போனதும் எதையும் வரையத் தோன்றாது என்று தெரிந்தது. பையில் காலையில் வாசித்த பட்டியல் கிடந்தது. எடுத்து மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்தேன். அதில் லெட்சுமி என்ற பெயரே இல்லை.