ஏழு முடிச்சு போதுமா?

நல்ல செய்தி எழுதிய கடதாசி கைக்கு வந்தால் உடனே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். அகதி விசாரணையில் இருந்து விசா புதுப்பிப்பது வரை சுவிஸில் நான் கற்ற பாடம் அதுதான். நின்று கேள்வி கேட்டால், தந்தவன் இன்னொருமுறை உற்றுப் பார்த்துவிடுவான்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நடந்தேன். என் பெருங்குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்த டொக்டர் அம்மா அறிக்கையை வாசித்தார். குடலோடு சேர்த்து எடுத்த கொழுப்பில் ஏழு நிணநீர் முடிச்சுகளைச் சோதித்தார்களாம். ஒன்றிலும் நோய் இல்லையாம். அங்கே பரவியிருந்தால் கீமோ ஏற்றவேண்டி வந்திருக்கும். நான் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் மனைவி எழும்பவில்லை.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கை ஏழுதான் இருந்ததோ, இல்லாட்டி ஏழைத்தான் தேடிப் பிடிச்சவையோ எண்டு கேளுங்கோ."

அவளுக்குப் பிரெஞ்சு அரைகுறை என்ற தைரியத்தில், மனைவி உங்களுக்கு நன்றி சொல்கிறாள் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சிரித்தபடி தலையசைத்தார்.

நன்றிக்கு மெர்சி என்ற சொல்கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள்? என் பொய்யைப் பிடித்துவிட்டாள். ஏழு விரல்களைத் தூக்கிக் காட்டி, தெரிந்த பிரெஞ்சில் தானே கேட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபம்! வெட்கம் வேறு.

டொக்டர் கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார். நல்ல கேள்வி என்றார். குறைந்தது பன்னிரண்டு முடிச்சாவது பார்த்தால்தான் பரவவில்லை என்று துணிந்து சொல்லலாமாம். சிலது கடுகளவுதான், கொழுப்புக்குள் ஒளிந்து கிடக்குமாம். வெட்டி எடுத்த பகுதி இன்னும் ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருக்கிறது, அந்தக் கொழுப்பை ஒரு திரவத்தில் ஊறவைத்தால் முடிச்சுகள் வெள்ளையாகத் தெரியும், மறுபடி தேடச் சொல்கிறேன் என்றார்.

நான் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் கடிகாரத் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களைச் சரிபார்ப்பவன். ஒரு தட்டு நிறைய இருக்கும் பற்சில்லுகளில் ஏழு சில்லை மட்டும் பார்த்துவிட்டு எவனாவது கையெழுத்து வைத்தால், நன்றாக ஏசித் திருப்பி அனுப்புவேன். அது தெரிந்தும் மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் அதைச் சட்டைசெய்யவும் இல்லை. கஞ்சியைக் காய்ச்சி மேசையில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் வேலைக்குப் போனாள்.

அடுத்த கிழமை டொக்டர் கூப்பிட்டார். இன்னும் பத்து முடிச்சுகள் கிடைத்தனவாம். பத்திலும் நோய் இல்லை. கீமோ தேவையில்லை. அப்பாடா! வெளியே நடைபாதை வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"அந்தப் பத்திலை ஒண்டிலை நோய் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?" என்று கேட்டேன்.

"மருந்து ஏத்தியிருப்பம். பாக்காமல் விட்டு, பிறகு உங்களைப் பறிகுடுத்திட்டு நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

சொல்லி முடிக்க முன்பே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்குக் கட்டி என்று தெரிந்த நாளில் இருந்து, அவள் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான்.